பனிக்குப் போன என் டயர்கள்

1

எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை எழுதுவது சுலபம்.

நான் யாங்கூனுக்கு வந்து மூன்று வருடம் நிறைந்த அன்று மாமி பிரியாணி ஆக்கினார். என் கணவர் ஹபீப் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்தார். எல்லாரும் கைகழுவி உட்கார்ந்த பிறகு, ஹபீபின் தங்கை ரஹ்மா சோற்றுக்குள் கறித்துண்டைத் தேடிக்கொண்டே, ஏதோ பக்கத்துத் தெருவுக்குப் போகப்போவதுபோலச் சொன்னாள்:

"அடுத்த மாசம் என்னை வடக்க கூட்டிட்டுப் போறாங்க. சீனா பார்டர். மேல பூரா ஐஸ் மலையாம். மச்சைப்பூ! எனக்குப் புடிக்கவே இல்ல."

ரஹ்மா இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும், கோபமும் சிரிப்பும் பர்மியில்தான் வரும். பல்கலைக்கழகத்தில் சீன மொழி படித்தாள். இப்போது ஊ டான் மாவுங் என்ற மருந்துக் கிழங்கு வியாபாரியிடம் மொழிபெயர்ப்பாளர் வேலை. கச்சின் மாநிலத்தில் சீன எல்லையை ஒட்டி ஒரு கணவாய் இருக்கிறது. குளிர்காலத்தில் கிழங்கு வாங்குகிற சீனர்கள் அந்தப் பக்கம் வந்து நிற்பார்களாம். பேரம் பேச இவள் வேண்டும்.

என் கையில் கரண்டி அப்படியே நின்றது. "ஐஸ் மேல வண்டியிலயா போறீங்க?"

"பின்ன, நடந்தா?"

"என்ன டயர்?"

மாமிக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. ஹபீப் அவர் தலையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "பாத்தியாம்மா? எப்பப் போறேன்னு கேக்கல, யாரு கூடன்னு கேக்கல. டயராம், டயர்!"

நானும் சிரித்தேன். ஆனால் அன்றைய பிரியாணி என்ன ருசி என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குத் தெரியாது.

2

கீழக்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் கல்யாணமானால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார், சில மாதம் இருப்பார், பிறகு பயணம் கிளம்பிவிடுவார். பெண்ணுக்கு வீடு, ஆணுக்கு உலகம். இந்தப் பாகப்பிரிவினையில் ஏமாந்தது யார் என்று யாரும் யோசிக்கவில்லை. பெண்கள்தான் கொடுத்துவைத்தவர்கள் என்று வெளியூரில் பெருமையாகக்கூடப் பேசிக்கொள்வார்கள்.

வாப்பா என் பெயரில் வீடு கட்ட அஸ்திவார வானம் தோண்டியபோது, "எனக்கு வீடு வேணாம் வாப்பா, கூட்டிட்டுப் போற மாப்பிள்ளையாப் பாருங்க" என்றேன். உம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினார். லாத்தா, அதாவது என் அக்கா, ஒருத்திதான் மகிழ்ந்தாள். அவள் வீடு இப்போது இரண்டு மடங்கு.

டயர்ப் பித்து காக்காவால் வந்தது. என் அண்ணன் வளைகுடாவில் ஒரு கராஜில் வேலை பார்த்தார். ஊருக்கு அனுப்பும் சென்ட் பாட்டில்கள் உடையாமலிருக்கப் பழைய வண்டிப் பத்திரிகைகளைச் சுற்றி அனுப்புவார். நான் பாட்டிலை உம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தாளை நீவி நீவிப் படிப்பேன். மணல்மேட்டில் ஏறும் ஜீப்புகள், பாறையில் தொங்கும் ஜீப்புகள், பனியில் முகம் புதைத்து நிற்கும் ஜீப்புகள். கல்லூரியில் இயற்பியல் படித்தேன். உராய்வு என்ற பாடம் வந்தபோது வகுப்பிலேயே நான் ஒருத்திதான் வாய்விட்டுச் சிரித்தேன், உறவுக்காரரைக் கண்டதுபோல. மணலில் போகும்போது டயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்று காக்கா எழுதியிருந்தார். சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டுக் கடற்கரையில் மிதித்துப் பார்த்தேன். ரிம் வளைந்தது. வாப்பா கை ஓங்கினார். காக்கா மட்டும் பாலைவனத்தில் பறந்துகொண்டிருந்தார். அவர்மீதும் எனக்குப் பொறாமைதான்.

யாங்கூனில் டயர்க்கடை வைத்திருக்கும் குடும்பம், பெண்ணைக் கூட்டிப்போவார்கள் என்று சம்பந்தம் வந்தபோது, மாப்பிள்ளை போட்டோவைக் காட்டும் முன்பே தலையாட்டிவிட்டேன். போட்டோ பிறகு வந்தது. நல்லவேளை, அதுவும் பரவாயில்லை.

கடல் தாண்டி வந்தாயிற்று. வந்து என்ன? யாங்கூனின் அலோன் பகுதியில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். இங்கேயும் மற்றவர்கள்தான் பயணம் போகிறார்கள்.

3

எங்கள் கடை துறைமுகக் கிடங்குகளுக்குப் பக்கத்தில். ஜப்பானில் கழற்றிப்போட்ட டயர்கள் கன்டெய்னரில் வந்து இறங்கும். அவற்றோடு கலந்து பனி டயர்களும் வரும். அவற்றை அடையாளம் காண்பது எளிது: பட்டன் என்று நாங்கள் சொல்கிற, தரையில் படும் ஒவ்வொரு ரப்பர் கட்டையிலும் பிளேடால் கீறியதுபோல நெளிநெளியாக மெல்லிய வெட்டுகள் இருக்கும். பனியை அந்த வெட்டுகளின் விளிம்புதான் கவ்விப் பிடிக்கும். யாங்கூன்காரர்கள் அதைப் பார்த்து, ரப்பர் வெடித்துவிட்டது, கிழட்டு டயர் என்பார்கள். அதனால் கடையிலேயே மலிவு அதுதான். லைன் பஸ் ஓட்டுபவர்கள் மழைக்காலத்துக்கென்று மாட்டிக்கொள்வார்கள். வெயில் வந்ததும் தார்ச்சாலை அதைப் பென்சில் அழிப்பான்போலத் தேய்த்துத் தின்றுவிடும். "பாத்தியா, வெடிச்ச டயரு" என்று திரும்ப வந்து நிற்பார்கள்.

வந்த புதிதில் ஹபீபிடம் சொன்னேன்: "மச்சான், இது வெடிப்பு இல்ல. பனிக்காக வெட்டினது."

"யாங்கூன்ல பனியா? யா-டே, யா-டே," என்றார். பரவாயில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அர்த்தம். இந்த நாட்டில் பாதிச் சங்கடத்தை இந்தச் சொல்லால்தான் தாண்டுகிறார்கள்.

அந்த டயர்கள் ஜப்பானில் ஏதோ வடக்கு ஊரில் வருடாவருடம் பனியில் உருண்டவை. இப்போது அடுக்கி வைத்திருக்கிற அவற்றின் மேல் கடைப்பையன்கள் லோஞ்சிக் கைலியைக் காயப்போடுகிறார்கள். பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரியும். டயருக்குக்கூடப் பனி வாய்த்திருக்கிறது.

பிரியாணிக்கு அடுத்த வாரம் ரஹ்மா தன் முதலாளியைக் கடைக்கே அழைத்து வந்தாள். ஊ டான் மாவுங் பருத்த மனிதர், வாயில் வெற்றிலை. பேச்சு பர்மியில் நடந்தது; தமிழில் தருகிறேன்.

"இருக்கிறதிலேயே பெரிய கட்டை வெச்ச டயர் அஞ்சு குடு. பாத்தா மலையே ஒதுங்கணும்."

ஹபீப் எடுக்கப் போனார். நான் குறுக்கே நின்றேன். "ஊலே, அது சேத்துக்கு நல்ல டயர். ஐஸுல வழுக்கும்." ஊலே என்றால் சித்தப்பா, கொஞ்சம் பெரியவரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது மரியாதை.

"எவ்வளவு பெரிய கட்டை, எப்படி வழுக்கும்?"

"கட்டை பெருசா இருந்தா சேத்தை வாரி எறியும். ஐஸ்ல வாரி எறிய என்ன இருக்கு? அங்க வேண்டியது நெறைய சின்ன விளிம்பு. அதோட அந்த ரப்பரு குளிர்ல கட்டையாவே போயிடும்."

"அப்ப அந்த வெடிச்ச டயரைத் தரப் போறியா?" என்று அடுக்கைக் காட்டினார்.

அதுதான் சிக்கல். முழுப் பனி டயருக்கு ரப்பர் மென்மை. கணவாய்க்குப் போகும் முன் சூடான தார்ச்சாலை, பிறகு சேறு, பிறகு கூர்க்கல். மேலே போய்ச் சேர்வதற்குள் கிழிந்துவிடும். மூன்று வகைப் பாதைக்கு ஒரே டயர் வேண்டும். நான் அடுக்கைக் கலைத்துத் தேட ஆரம்பித்தேன். நடுத்தரக் கட்டை, ஒவ்வொரு கட்டையிலும் மெல்லிய வெட்டு, கல்லைத் தாங்கும் தடித்த பக்கச்சுவர், அந்தச் சுவரில் மலைக்குள் பனிப்பூ வரைந்த சின்னம். அந்தச் சின்னம் இருந்தால் பனியில் ஓட்டிச் சோதித்தது என்று பொருள். வெறுமனே சேறு, பனி என்று எழுதியிருந்தால் நம்பக் கூடாது. அது தயாரிப்பவர் தானே சொல்லிக்கொள்வது. பிறகு, எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்ற நான்கு இலக்கம். நம் ஆட்கள் பட்டன் தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். பட்டன் முழுசாக இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

நான் சொன்னபடி எங்கள் கிடங்கில் மூன்று கிடைத்தன. மிச்சம் இரண்டைத் தாகேதாவில் ஒரு கடையில் பிடிக்கலாம் என்றார் ஹபீப். ஊ டான் மாவுங்குக்குத் திருப்தியில்லை.

"இவ்வளவு பேசுறியே தமீ, உங்க ஊர்ல ஐஸ் உண்டா?" தமீ என்றால் மகளே.

"சர்பத்துலதான் உண்டு."

"நீ ஐஸ் ரோட்டைப் பாத்திருக்கியா?"

"இல்ல."

"நான் பாத்திருக்கேன்," என்று வெற்றிலையைத் துப்பினார். "உன் டயர் ஐஸ்ல நிக்கும்னு எனக்குக் காட்டு. வாங்கிக்கிறேன்."

யாங்கூனில் ஐஸ் ரோட்டுக்கு எங்கே போவது? நான் க்யிம்யிண்டைங் போனேன்.

4

க்யிம்யிண்டைங் படகுத்துறையில் மீனுக்காக ஐஸ் பாளம் போடும் கிடங்கு ஒன்று இருக்கிறது. அதை நடத்துபவர் டோ மியா என்ற அம்மாள். நான் இரண்டு டயரோடு வந்து நின்றதும் அவர் இடுப்பில் கை வைத்தார்.

"இங்க மீன் வெப்பாங்க, எறா வெப்பாங்க. உன் புருசன் செத்தாக்கூட கொண்டா, வெச்சுத் தர்றேன். டயரா? என் மீனெல்லாம் லாரி நாத்தம் அடிக்கும்!"

"சாக்குல சுத்திட்டேன் அம்மா. ஒரு மூலையில இருக்கட்டும், மத்தியானம் வரைக்கும்."

"எதுக்கு?"

"எது குளிரைத் தாங்குதுன்னு பாக்க."

"குளிரைத் தாங்காட்டி? கம்பளி போத்தப் போறியா?"

சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார். வெளியே வைத்துச் சோதித்தால் பயனில்லை. யாங்கூன் வெயிலில் எந்த ரப்பரும் மென்மையாகத்தான் இருக்கும். குளிர் ஏறிய பிறகுதான் குணம் தெரியும். மத்தியானம் ஊ டான் மாவுங், ஹபீப், ரஹ்மா மூவரும் வந்தார்கள். மீன்காரிகள் கூடையைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்றுகொண்டார்கள். கட்டை டயருக்கு ஒரு கூட்டம், என் டயருக்கு ஒரு கூட்டம் என்று பிரிந்து பந்தயம் கட்டினார்கள்.

பாளங்களை நெருக்கி அடுக்கி, கட்டை டயரை நிமிர்த்தி வைத்து உருளாமல் கட்டினோம். மீன் நிறுக்கும் தராசின் கொக்கியை மாட்டி ஹபீப் இழுத்தார். அது சோப்பு நழுவுவதுபோல வந்தது. அடுத்தது என்னுடையது. தராசு முள் நகர்ந்து, நகர்ந்து, அப்புறம்தான் டயர் அசைந்தது. என் பக்கத்து மீன்காரிகள் கூவினார்கள்.

"ஈர ஐஸ் இது," என்று நானே சொன்னேன். "மலையில இருக்கிறது காஞ்ச ஐஸ், கொஞ்சம் வேற மாதிரி. அதனால இதை மட்டும் நம்பாதீங்க ஊலே. உங்க கட்டை விரல் நகத்தால ரெண்டையும் அழுத்துங்க."

அவர் குனிந்தார். கட்டை டயரில் நகம் வழுக்கியது. என்னுடையதில் பிறைபோலத் தடம் விழுந்து, மெதுவாக மறைந்தது. இன்னொரு முறை அழுத்தினார். நிமிர்ந்து, கையை லோஞ்சியில் துடைத்துக்கொண்டார்.

"அஞ்சையும் மாட்டு," என்றார் ஹபீபிடம். என்னைப் பார்த்து, "தமீ, நீயும் வாயேன். வண்டியில எடம் இருக்கு. காத்தை எப்பக் குறைக்கணும், எப்ப ஏத்தணும், எனக்கு யாரு சொல்லுவா?"

ரஹ்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "வா மச்சி! எனக்கும் பேச ஆளு!" மச்சி என்றால் எங்களில் அண்ணி.

ஹபீப் தராசைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பதுபோல நடித்தார். "போயிட்டு வா. நீ இங்க இருந்தா மட்டும் மனசு இங்கயா இருக்கப் போவுது?"

வீட்டுக்கு வந்து உம்மாவுக்குப் போன் போட்டேன். "பனியா?" என்றார் உம்மா. "முக்காட்டை நல்லா இழுத்துப் போட்டுக்க, சளி புடிக்கும்." மார்கழி மாதத்து ராமநாதபுரத்தைத் தாண்டிய பனி எதுவும் உம்மாவுக்குத் தெரியாது. எனக்கும்தான். ஆனால் எனக்கு இன்னும் சில நாளில் தெரிந்துவிடும் என்று இருந்தது.

5

இந்த நாட்டில் இரவு இன்னொரு வீட்டில் தூங்க வேண்டுமென்றால் வட்டார அலுவலகத்தில் பெயர் பதிய வேண்டும். தாகேதாவில் ஹபீபின் மாமா வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தங்கினாலும் அப்படித்தான். நானோ வருடாவருடம் அனுமதி புதுப்பித்து இருக்கிற இந்தியக்காரி. எல்லைப்பக்கம் போக வெளிநாட்டவர் தனி அனுமதி வாங்க வேண்டும். கேட்டுப் பார்க்கலாம் என்று போனோம்.

அலுவலர் நல்ல மனிதர். தேநீர் வரவழைத்தார். ஏன் போக வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பர்மியில், பனி பார்க்க என்றேன். பர்மியிலும் தமிழைப் போலத்தான். காலையில் புல்லில் கிடப்பதும் மலையில் கிடப்பதும் ஒரே சொல்.

"ஏரிக்கரைக்கு விடியக்காலையில போம்மா, நெறைய இருக்கும்," என்றார்.

"டயரையும் பாக்கணும்," என்றேன்.

"எந்த டயரை?"

"நான் தேர்ந்தெடுத்த டயரை."

அவர் ஹபீபைப் பார்த்தார். ஹபீப், "ஆமாங்க, அவ அப்படித்தான்," என்றார்.

மனுவை வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போடுகிறவர் வடக்கே புதுத் தலைநகரத்தில் இருக்கிறார். மனு அங்கே போய் வர வேண்டும். நான் நாள்தோறும் போய் நின்றேன். வரவில்லை என்று அவர் சொல்லும் முன்பே அவர் முகம் சொல்லிவிடும். ஒருநாள் என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டார். பாவம், அவருக்கும் சங்கடம்.

ரஹ்மாவிடம் குடிமக்கள் அட்டை இருக்கிறது. அவள் எங்கும் மனுப் போடவில்லை, எங்கும் போய் நிற்கவில்லை. அட்டையைக் கைப்பையில் லிப்ஸ்டிக்கோடு போட்டு வைத்திருக்கிறாள். போட்டோவில் கண் பாதி மூடியிருக்கும். அந்தப் பாதிக் கண்ணுக்கு நாடு முழுவதும் திறந்திருக்கிறது. நான் அந்த அட்டையை ஒருநாள் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி கவனித்துவிட்டு உள்ளே போனார்.

ஊ டான் மாவுங் எனக்காகப் புறப்பாட்டைத் தள்ளிவைத்தார். அதற்கு மேல் சீனர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்ற நிலை வந்தும் அனுமதி வரவில்லை. கிளம்புவதற்கு முந்தைய மாலை ரஹ்மா என் அறைக்கு வந்தாள்.

"மச்சி, உனக்கு மூஞ்சியே இல்ல. நான் போகலன்னு சொல்லிடவா? எனக்கென்ன, சந்தோசம்தான்."

அதுதான் என்னைச் சுட்டது. அவள் கொடுத்துவிடத் தயார். வாங்கிக்கொள்ள எனக்குத்தான் வழியில்லை.

"நீ போ. போய் எல்லாத்தையும் பாத்துட்டு வா. ஐஸ் தொடங்குற எடத்துல வண்டியை நிறுத்தச் சொல்லு. எறங்கித் தடத்தைப் பாரு. வெட்டெல்லாம் பனியில பதிஞ்சிருக்கா, ஓரம் சிதறியிருக்கான்னு பாரு. மிதிச்சா என்ன சத்தம் வருதுன்னு கேளு. சேத்துல காத்தைக் குறைச்சீங்கன்னா கல்லு வர்றதுக்குள்ள ஏத்திடணும், அதை..."

"மச்சி," என்று என் வாயைப் பொத்தினாள். "நான் சீனனுக்கு மொழிபெயர்க்கப் போறேன். டயருக்கு இல்ல."

காலையில் காற்றழுத்தத்தை நானே பார்த்து அடைத்தேன். பின்னால் தொங்கும் ஐந்தாவது டயரையும் விடவில்லை. வண்டி கிளம்பியது. ரஹ்மா முன்சீட்டில் உட்கார்ந்து கையாட்டினாள். நானும் ஆட்டினேன். மாமி என் முதுகைத் தடவி, "டீக்கடைக்குப் போலாமா? எனக்குப் பலகாரம் திங்கணும்போல இருக்கு," என்றார். மாமிக்கு இனிப்பு ஆகாது. என்னைச் சமாதானப்படுத்தத் தன் சர்க்கரையை ஏற்றிக்கொள்ளத் துணிந்த பெண்மணி. போனோம். அதற்குப் பிறகும் மனம் ஆறவில்லை.

6

அவர்கள் இல்லாத நாட்களில் நான் இணைய மையத்துக்குப் போய் வானிலை பார்த்தேன். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு தேநீர் குடித்துவிடலாம். அந்தக் கணவாயின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. பக்கத்துச் சீன ஊருக்குப் பனிப்பூப் படம் போட்டிருந்தது. இப்போது ஏறுவார்கள், இப்போது வளைவு, இப்போது இறக்கம் என்று கல்லாவில் உட்கார்ந்து நானே ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாடிக்கையாளருக்குச் சில்லறை அதிகம் கொடுத்துவிட்டேன் என்று ஹபீப் பிறகு சொன்னார்.

நேற்று திரும்பினார்கள். வண்டி முழுக்கச் செம்மண். ரஹ்மா இறங்கினாள், உதடு வெடித்திருந்தது, கன்னம் சிவந்திருந்தது. அந்தச் சிவப்புகூட எனக்கு ஆகவில்லை. அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லு."

"என்ன சொல்ல? சேறு, சேறு, சேறு. ஒரு எடத்துல யானை போட்டது. அப்புறம் சீனன் என்னா கத்து கத்துறான்..."

"ஐஸு?"

"அதுவா." கொட்டாவி விட்டாள். "தெரியல மச்சி. தூங்கிட்டேன்."

"என்ன?"

"ஏறும்போதும் தூங்கிட்டேன், எறங்கும்போதும் தூங்கிட்டேன். மேல போனதும் நேரா ஒரு குடிசைக்குள்ள தீ மூட்டி உக்கார வெச்சுட்டாங்க. வெளிய மழையா மூட்டமா, ஒண்ணும் தெரியல. வெள்ளையா இருந்துச்சு."

"ஐஸ் ரோட்டுல எப்படிடீ தூங்கின?"

"ஆடவே இல்ல மச்சி! கீழ எல்லாம் குடலே வெளிய வர்ற மாதிரி குலுக்குச்சு. மேல போனதும் தொட்டில் மாதிரி. சரி, தார் ரோடு வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

பின்னாலேயே ஊ டான் மாவுங் வந்தார். அவரிடம் கேட்டேன். கட்டை டயர் போட்ட லாரி ஒன்று வளைவில் குறுக்கே சறுக்கி நின்றதாம். இவர் அதன் ஓரமாக ஒட்டிக்கொண்டு, வழுக்காமலிருக்க டயரில் சுற்றும் சங்கிலிகூடக் கட்டாமல், ஏறிப் போயிருக்கிறார். லாரிக்காரர்கள் வாயைப் பிளந்தார்களாம். "இந்தப் பொண்ணை எழுப்பிக் காட்டலாம்னு பாத்தேன். நல்லாத் தூங்குச்சு, மனசு வரல."

"ஊலே, பனி எப்படி இருந்துச்சு?"

"எங்க பாத்தேன்? நான் ரோட்டையில்ல பாத்தேன்." அடுத்த குளிர்காலத்துக்கும் இதே டயர், தன் தம்பி வண்டிக்கும் சேர்த்து எடுத்து வை என்று சொல்லி, கழுவுவதற்கு வண்டியை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்.

ஹபீபுக்குத் தாங்க முடியாத பெருமை. "ஐஸு மேல ஒருத்தி குறட்டை விட்டிருக்கா! இதைவிட என்னா சர்டிபிகேட் வேணும் உனக்கு?" நேற்றிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வெடித்த டயர் என்று முகம் சுளித்தவர்கள்கூட இன்று காலை வந்து பனிப்பூச் சின்னத்தைத் தேடிப் பார்க்கிறார்கள். யாங்கூனில்!

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நான் பின்பக்கம் போய், கழுவாமல் நின்ற அந்த வண்டியின் டயர்களுக்கு முன் குந்தி உட்கார்ந்தேன். வெட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். செம்மண்தான் வந்தது. வேறு ஏதும் இருந்திருந்தாலும் வழியிலேயே உருகியிருக்கும். ஒரே ஒரு தடவை, ஒரு சாண் வழுக்கியிருந்தால் போதும். அவள் கண் விழித்திருப்பாள். அலறியிருப்பாள், வெளியே பார்த்திருப்பாள், அவள் பார்த்ததில் ஒரு கைப்பிடியாவது எனக்கு வந்து சேர்ந்திருக்கும். வழுக்கவில்லை. அவ்வளவு நல்ல டயராகப் பார்த்து எடுக்கச் சொல்லி யார் என்னிடம் அழுதார்கள்?